கூட்டினால் எட்டு வரும் ஆயில் ஃபில்டர்

என்னைப் பெண் பார்க்க வந்தவர், ஆயில் ஃபில்டர் வாங்க வந்தவரைப் போல வந்தார்.

திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் இருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை. காலை பத்து மணி இருக்கும். முதலாளி அப்போதுதான் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றியிருந்தார். கிரீஸ் வாசனையோடு அது கலந்து, கடை முழுக்க ஒரு தினுசான வாடை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம், மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையும் அக்குளில் இடுக்கிய ரெக்ஸின் பையுமாக ஒருவர் நின்றார்.

அவர் பெயர் முனிரத்தினம். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தூரிலிருந்து திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் யாத்ரீகர்களை ஏற்றிப்போக, புதிதாக வந்த ஜப்பான் கூட்டுக் கம்பெனி வேன் ஒன்றை வாங்கியிருந்தார். அவருடைய மகன் பாஸ்கர், கடைக்கு நாலு கட்டிடம் தள்ளி ஒரு ஒர்க் ஷாப்பில் மெக்கானிக். பாஸ்கரும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

"எங்க நைனா நேரா பொண்ணு பாக்க வர்ற ஆளு இல்ல. வண்டிக்கு இன்னாவோ வாங்கறாப்போல வந்து நின்னுக்கினு உன்னப் பாப்பாரு. நீ ஒண்ணும் தெரியாத மாதிரி இரு" என்று பாஸ்கர் தன் அப்பாவைப் பற்றி முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஒன்றும் தெரியாத மாதிரி இருப்பதற்காக நான் அன்றைக்கு மாம்பழக் கலர் பட்டுப் புடவை கட்டி, இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு கடைக்கு வந்திருந்தேன். பேரிங் டப்பாக்களுக்கு நடுவே அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்து, கிளட்ச் பிளேட் வாங்க வந்த லாரி டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

முனிரத்தினம் கேட்ட ஃபில்டரை எடுத்துக் கொடுத்தேன். அவர் பெட்டியைத் தூரமாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, உதடு அசையப் படித்தார்.

"ஒகட்டி, ஐது, ஆறு, சுன்னா, மூடு..."

எங்கள் ஜில்லாவில் பாதிப் பேர் இப்படித்தான். வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு. அதனால் சண்டை தமிழில் போடுவார்கள், எண்ணுவது தெலுங்கில் எண்ணுவார்கள்.

பெட்டியில் இருந்த நம்பர் 15603-33023.

"கூட்டுனா இருவத்தாறு வருது. ரெண்டும் ஆறும் எட்டு. இது வேணாம்மா, வேற குடு" என்றார்.

"வேறன்னா?"

"வேற நம்பர்ல குடு."

"உங்க வண்டிக்கு இந்த நம்பர்தாங்க போட்டுக்கீறாங்க."

"எட்டு சனி. நான் ஒண்ணாம் நம்பர், சூரியன். சூரியனுக்கும் சனிக்கும் ஆவாது. இதப் பூட்டிக்கினு மலைப்பாதையில ஜனத்த ஏத்திக்கினு போவச் சொல்றியா?"

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். பெண் பார்க்க வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் என் வாய் என்றைக்கு என்னைக் கேட்டுத் திறந்திருக்கிறது?

"சனீஸ்வரன் இஞ்சினுக்குள்ள எறங்கி, நம்பரக் கூட்டிப் பாப்பாருங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஊருக்கோ அம்மாயி!" என்று முதலாளி கல்லாவிலிருந்து அதட்டினார். சும்மா இரு பெண்ணே என்று அர்த்தம். அந்த நிமிஷத்துக்குச் சும்மா இருந்தேன்.

குலமும் கோத்திரமும்

இந்த இடத்தில் பார்ட் நம்பர் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். போன வாரம் இந்தப் பகுதியில் என் டைப்ரைட்டிங் பரீட்சை பற்றிப் படித்துவிட்டு, "நகரியில் தறி ஓட்டுகிறவர் பெண் மோட்டார் கடைக்கு எப்படிப் போனாள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இந்த நம்பர்களால்தான் போனேன்.

அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் ஓடியவை பழைய குண்டுக் கார்களும் ஜீப்புகளும்தான். அவற்றுக்கு யாரும் நம்பர் சொல்லிப் பொருள் வாங்கியதில்லை. கழற்றின சாமானைத் தினத்தாளில் சுற்றி, ஆயில் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்து, "இதும் மாதிரி ஒண்ணு" என்பார்கள். முதலாளி அதைத் திருப்பிப் பார்த்து, முகர்ந்துகூடப் பார்த்து, பரணிலிருந்து ஒன்றை எடுத்துத் தருவார். பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாவிட்டால் மெக்கானிக் அதை அடித்துப் பொருத்துவார்.

பிறகு நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பரில் எழுதினார்கள். திறந்த கதவு வழியாக எங்கள் கடைக்கு வந்தது ஒரு கேட்டலாக். தலையணை மொத்தம், முழுக்க ஆங்கிலம். முதலாளிக்குக் கண்ணைக் கட்டியது. ஆங்கிலம் படிக்கவும் டைப் அடிக்கவும் தெரிந்த ஆள் வேண்டுமென்று தேடினார். மெக்கானிக்குகள் ஒரு பெண்பிள்ளையிடம் போய்ப் பிஸ்டன் ரிங் கேட்பதா என்று மூன்று மாதம் வெட்கப்பட்டார்கள். பிறகு பழகிவிட்டது.

பார்ட் நம்பர் சும்மா வைப்பதில்லை. முதல் ஐந்து இலக்கம், அது என்ன சாமான் என்று சொல்லும். ஆயில் சம்பந்தப்பட்டதெல்லாம் ஒரு குலம், பிரேக் எல்லாம் வேறு குலம். அடுத்த ஐந்து இலக்கம், எந்த இஞ்சின், எந்த மாடல் என்பது. அது கோத்திரம். இரண்டும் சேர்ந்தால் உலகத்தில் எந்த மூலையில் கேட்டாலும் அதே சாமான் வரும்.

இதில் ஒரே ஒரு வில்லங்கம் உண்டு. கம்பெனிக்காரன் ரப்பர் வளையத்தை ஒரு நூல் கனமாக்குவான், அல்லது வேறு தொழிற்சாலையில் செய்யச் சொல்வான். உடனே நம்பரை மாற்றிவிடுவான். பழைய நம்பர் செத்தது, இனி இந்த நம்பர் என்று தபாலில் ஒரு தாள் வரும். நான் அதைக் கத்தரித்து, கேட்டலாக்கில் கோந்து போட்டு ஒட்டுவேன். ஒட்டி ஒட்டி அந்தப் புத்தகம் மூட முடியாமல் உப்பிப்போனது.

பாஸ்கர் வந்தால் மட்டும் சாமானைக் காட்ட மாட்டார். நம்பரை மனப்பாடமாகச் சொல்வார். பத்து இலக்கத்தையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பார். எங்கள் காதல் வளர்ந்தது இந்த லட்சணத்தில்தான்.

ஜப்பானில் ஜோசியர்

முனிரத்தினம் விடுகிற ஆள் இல்லை.

"போன தடவ வாங்குன ஃபில்டர் பொட்டி வீட்ல வெச்சிக்கிறேன். அது ஆறாம் நம்பர். அது குடு."

கேட்டலாக்கைத் திறந்து காட்டினேன். பழைய ஃபில்டர் 33021 என்று முடியும். கூட்டினால் இருபத்து நான்கு, அதாவது ஆறு. அதை நிறுத்திவிட்டு 33022 என்று கொண்டுவந்தார்கள். அது ஏழு. ஆறே மாதத்தில் அதுவும் போய் 33023 வந்தது.

"சாமான் ஒண்ணுதாங்க. நம்பர் மட்டும் மாத்திட்டாங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "சாமான் அதே, நம்பர் மட்டும் மாத்துறானா? அப்ப ஜப்பான்காரன்கூட ஜோசியரு வெச்சிக்கிறான்!"

"அதுக்கில்லீங்க..."

"இல்லன்னா எதுக்கு மாத்துறான்? வேல இல்லியா அவனுக்கு?" கொஞ்சம் யோசித்து முகத்தைச் சுளித்தார். "ஆனா அந்த ஜோசியன் சரியில்ல. நல்லா இருந்த ஆற எடுத்துட்டு எட்டுல கொண்டாந்து வுட்டுக்கிறான்."

கடையில் நின்ற லாரி டிரைவர், "ஆமாங்கண்ணா, எவனோ டூப்ளிகேட் ஜோசியன்" என்று ஒத்து ஊதினார். முதலாளி எல்லோருக்கும் டீ சொன்னார். இத்தனை சிரிப்புக்கு நடுவில், சரி, ஆள் நல்லவர்தான், காரியம் பழம்தான் என்று என் மனசு கணக்குப் போட்டது.

டீ வந்தது. முனிரத்தினம் டம்ளரை எடுத்துக்கொண்டே, வெகு சாதாரணமாக, "நீ எந்தத் தேதியில பொறந்தம்மா?" என்றார்.

"இருவத்தாறு."

டம்ளர் உதட்டுக்குப் போகாமல் கவுண்டருக்குத் திரும்பியது. ஃபில்டர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு தகர டப்பாவையும் என்னையும் ஒரே காரணத்துக்காக, ஒரே நிமிஷத்தில் தள்ளிவிட்டுப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. பட்டுப் புடவையோடு அன்று மாலைவரை கடையில் நின்று, இரண்டு பேரிடம் சண்டை போட்டேன்.

கம்பெனிக்கு ஒரு கடிதம்

பாஸ்கருக்கு அப்போது குவைத்துக்கு டிரைவர் விசா வந்திருந்தது. எங்கள் ஜில்லாவில் அந்த நாளில் தெருவுக்கு ஒருவர் குவைத்தில் இருந்தார்கள். கல்யாணம் நிச்சயமானால் போவதில்லை என்று சொல்லியிருந்தார். இப்போது ஏஜென்ட், ஆடி முடிவதற்குள் பதில் சொல் என்று நெருக்கிக்கொண்டிருந்தான்.

"நைனா ஒத்துக்கலன்னா நான் இங்க இருந்து இன்னா பண்றது? அவர எதுத்துக்கினு என்னால முடியாது. போயிட்றேன்" என்றார் பாஸ்கர்.

"போங்க. அங்க எல்லாருக்கும் நல்ல நம்பரா பாத்துக்கினு இருங்க" என்றேன். சொல்லிவிட்டு ஸ்டாக் ரூமுக்குள் போய் அழுதேன்.

இதற்கிடையில் வேன் வேறு. ஃபில்டர் மாற்றாமல் புது ஆயிலை மட்டும் ஊற்றி ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தார் முனிரத்தினம். டிப் ஸ்டிக்கை எடுத்தால் கண்மை மாதிரி கறுப்பாக வருகிறது என்று பாஸ்கர் புலம்பினார். அடுத்த நம்பர் 33024 ஆக இருந்தால் கூட்டு ஒன்பது, சூரியனுக்கு ஆகிற செவ்வாய். ரப்பர் வளையத்தை இன்னொரு தடவை மாற்ற மாட்டானா என்று முகம் தெரியாத ஜப்பான்காரனுக்காக நான் வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டேன். தபாலில் ஒன்றும் வரவில்லை.

கடைசியில் முதலாளிதான் சொன்னார், "கம்பெனிக்கே எழுதிப் பார்ப்போம்" என்று. அவர் தெலுங்கில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் டைப் அடித்தேன். எங்கள் மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு ஃபில்டரின் தரத்தில் முழுத் திருப்தி, எண்ணில் மட்டும் திருப்தி இல்லை, தயவுசெய்து வேறு எண்ணில் அனுப்பவும்.

குப்பைக் கூடைக்குப் போகும் என்று நினைத்தேன். பத்து நாளில் சென்னை ஆபீசிலிருந்து பதில் வந்தது. யாரோ ஒரு மகானுபாவர் அதை ஒரு தொழில்நுட்பப் புகாராகவே எடுத்துக்கொண்டு, வரிசை எண் போட்டு, இரண்டு பக்கம் எழுதியிருந்தார். தனி ஃபில்டரின் எண்ணை மாற்ற முடியாதாம். ஆனால் அதே ஃபில்டர், ஒர்க் ஷாப்புகளுக்காகத் தனித்தனிப் பெட்டி இல்லாமல், பத்தாக ஒரே அட்டைப்பெட்டியில் வருகிறதாம். அந்த அட்டைப்பெட்டிக்குத் தனி எண்ணாம். 15603-33933. வாடிக்கையாளருக்கு ஃபில்டரின் நிறத்திலும் ஆட்சேபம் உண்டா என்று கடைசியில் கேட்டிருந்தார்.

கூட்டிப் பார்த்தேன். முப்பத்தாறு. மூன்றும் ஆறும் ஒன்பது.

உடனே ஒரு பெட்டி வரவழைத்தோம்.

சாமி போட்டதும் வாத்தியார் போட்டதும்

முனிரத்தினம் அட்டைப்பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். உள்ளே பத்து ஃபில்டர்கள் மொட்டையாக, ஒன்றின் மேலும் நம்பர் இல்லாமல் உட்கார்ந்திருந்தன. எட்டு போட்ட பெட்டிக்குள் இருந்த அதே ஃபில்டர்தான். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"கெட்டிக்காரிம்மா நீ! கம்பெனிக்காரனையே வழிக்குக் கொண்ணாந்துட்ட. பத்தும் எடுத்துக்கிறேன்."

இதுதான் நேரம் என்று என் டென்த் சர்டிபிகேட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டியின் மேல் வைத்தேன்.

"எனக்கும் இன்னொரு நம்பர் கீதுங்க. பாருங்க, ஜூன் பத்து. பத்துன்னா ஒண்ணு. உங்க நம்பரே."

நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போது வயசு கொஞ்சம் முன்பின் இருக்கும். ஹெட்மாஸ்டர் பேனாவை எடுத்து, அன்றைக்குத் தோன்றுகிற ஒரு தேதியைப் போட்டுவிடுவார். என்னோடு அன்று சேர்ந்த அத்தனை பேரும் ஜூன் பத்தாம் தேதி பிறந்தவர்கள். வேலைக்கும் பென்ஷனுக்கும் சர்க்காருக்கு அதுதான் தேதி.

அவர் சர்டிபிகேட்டைப் படித்துவிட்டு, இரக்கத்தோடு தலையை ஆட்டினார்.

"இது வாத்தியார் போட்டதும்மா. சாமி போட்டது எது?"

"இருவத்தாறு."

"அப்ப அதான் கணக்கு. வாத்தியார் போட்டதுக்கெல்லாம் கெரகம் வேல செய்யுமா? எனக்குப் பாரு, ஜூலை ஒண்ணு. சுத்தமான சூரியன். அதனாலதான் வீட்டு மனையில இருந்து வண்டி வரைக்கும் எல்லாம் ஒண்ணாம் நம்பர்ல பாத்துப் பாத்து..."

என் வாய் திறந்தது.

"அந்த ஜூலை ஒண்ணு யாருங்க போட்டது?"

"இன்னா?"

"எனக்கு முந்தின வருஷம் சேந்த பிள்ளைங்க எல்லாருக்கும் ஜூலை ஒண்ணுதாங்க. உங்களுக்கு யாரு சொன்னாங்க, ஜூலை ஒண்ணுன்னு? உங்கம்மா சொன்னாங்களா?"

முனிரத்தினம் என் சர்டிபிகேட்டைக் கீழே வைத்தார். முதலாளியின் பேனா நின்றது.

"எங்கம்மா..." என்றார். பிறகு நிதானமாக, தனக்கே சொல்லிக்கொள்வது போல, "எங்கம்மா ஏரி ஒடஞ்ச வருஷம்னு சொல்லும். கூலிக்கு நாத்து நடப் போன எடத்துல வலி எடுத்துச்சாம். தேதி அதுக்கு இன்னா தெரியும்? வாத்தியார் பேரு கேட்டாரு, நைனா பேரு கேட்டாரு. அப்பறம் சொவத்துல கேலண்டரப் பாத்தாரு..."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். ஓய்வு பெற்ற நாளிலும் தளராத மனிதர் என்று பாஸ்கர் சொல்வார். அன்றைக்கு வண்டிக் கதவை இரண்டு தடவை முயன்றுதான் திறந்தார்.

எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. ஒரு மனிதர் ஆயுசு முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்ததை நாலு பேர் முன்னால் உருவிவிட்டேனே என்றிருந்தது. இதற்குமேல் கல்யாணமாவது, கத்திரிக்காயாவது. முதலாளிகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

மறுநாள் பாஸ்கர் வந்தார். "எங்க நைனாவ இன்னா கேட்ட நீ? ராத்திரி துன்னாம உக்காந்துக்கினு கீறாரு. நான் ஒண்ணாம் நம்பர் இல்லியாடா, அப்ப நான் எத்தினிடான்னு என்னைக் கேக்கறாரு. நான் இன்னா சொல்றது?"

விசா பேப்பரில் கையெழுத்துப் போட பாஸ்கர் திங்கட்கிழமை போவதாக இருந்தது. என் வாய் சும்மா இருந்தது அந்த ஒரு நாள்தான்.

நகரியில் ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை நகரியில் எங்கள் வீட்டில் இருந்தேன். எங்கள் தெருவில் பவர்லூம் சத்தத்தில் வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும் கேட்காது. எதிர்வீட்டுப் பையன் ஓடி வந்து கையை ஆட்டினான். எட்டிப் பார்த்தால், வேன் நிற்கிறது. முனிரத்தினம், அவர் மனைவி, பாஸ்கர். அந்த அம்மா கையில் பூவும் பழமும் வைத்த தட்டு.

எங்கள் நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. தறியை நிறுத்தச் சொல்லி, பாயை விரித்து, பஞ்சு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். நான் உள்ளே போய்க் காபி போட்டேன். சர்க்கரை போட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியாது.

சம்பிரதாயப் பேச்சு முடிந்ததும் நைனா எழுந்து, டிரங்குப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் தடவிய என் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"பொண்ணு ஜாதகம் பக்காவா எழுதி வெச்சிக்கிறேங்க. ஆஸ்பத்திரியில பொறந்தா. தேதி, நேரம், நிமிஷம் எல்லாம் சுத்தமா இருக்குது. பாருங்க" என்று நீட்டினார்.

முனிரத்தினம் கையை நீட்டவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு நைனாவிடம் சொன்னார்:

"அது உள்ள வையுங்க சம்பந்தி. பொண்ணு பொறந்துக்கீது இல்ல? அது போதும்."